செருப்புக்காகக் காலை வெட்டலாமா?

 

பள்ளி ஆண்டு மலரில் தலைமையாசிரியர் எழுதும் பக்கம் பெரும்பாலும் தேர்ச்சிக் கணக்கும் நன்றியுரையுமாக அமைந்துவிடுவதுண்டு. அவற்றுக்கு இம்மலரில் வேறு பக்கங்கள் இருக்கின்றன. நான் இங்கே எடுத்துக்கொண்ட பொருள், உங்கள் வீட்டுக் கைப்பேசிக்குள் புகுந்துவிட்ட பள்ளிக்கூடத்தைப் பற்றியது. பாடங்கள், பயிற்சிகள், நூல்கள், ஆசிரியர் குறிப்புகள் ஆகிய அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்துவைத்து, கைப்பேசியாலோ கணினியாலோ எங்கிருந்தும் திறந்து படிக்கச் செய்யும் ஏற்பாட்டை மின்கல்வித் தளம் என்கிறோம். அத்தகைய தளம் எப்படி அமைய வேண்டும், யாரை மனத்திற்கொண்டு அமைக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வியாகும்.

இது கணினி வல்லுநர்கள் மட்டுமே பேச வேண்டிய பொருள் என்று நீங்கள் ஒதுக்கிவிடலாகாது. வீட்டு வாசற்படி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதைக் கொத்தனார் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்தப் படியில் நாள்தோறும் ஏறி இறங்க வேண்டிய பாட்டியையும் கேட்டுத்தான் முடிவு செய்கிறோம். மின்கல்வித் தளமும் ஒரு வாசற்படியே. நம் பிள்ளைகள் அதில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்வார் உண்டோ என்று நம் முன்னோர் கேட்டார்கள். பிள்ளைக்குப் பொருந்தாத தளத்தை அமைத்துவிட்டு, பிள்ளையையும் பெற்றோரையும் குறை கூறுவது அத்தகைய செயல் என்பதே என் கருத்து.

தொலைக்காட்சி முதல் டெலிமா வரை

நம் நாட்டில் பள்ளிப்பாடத்தைக் கருவியின் வழியே வீட்டுக்கும் வகுப்புக்கும் கொண்டு செல்லும் முயற்சி புதியதன்று. கல்வித் தொலைக்காட்சி 1972ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் தொடங்கப்பட்டது. அந்நாளில் இரவில் சில மணி நேரம் மட்டுமே மின்விளக்கு எரிந்த தோட்டங்கள் பல இருந்தன. ஆதலால் அப்பயனும் எல்லாப் பிள்ளைக்கும் எட்டிவிடவில்லை. எனினும் அதில் ஒரு நன்மை இருந்தது. பெட்டியின் பொத்தானைத் திருகினால் பாடம் தெரியும். பெயர் கேட்பதில்லை, மறைச்சொல் கேட்பதில்லை. எழுத்தறியாத தாயும் அதனைத் திறந்து பிள்ளையை முன்னே அமர்த்த முடிந்தது. குறை என்னவென்றால், அது பேசும். பிள்ளை பேசினால் கேளாது. பிள்ளைக்குப் புரிந்ததா இல்லையா என்று அறிய அதற்கு வழியில்லை.

அந்தக் குறையைப் போக்கக்கூடியது கணினி. 2011ஆம் ஆண்டில் '1பெஸ்தாரிநெட்' என்னும் பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. நாடெங்கும் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைய இணைப்பும், அதனுடன் 'ஃபுரோக்' என்னும் மெய்நிகர் கற்றல் தளமும் வழங்குவது அதன் நோக்கம். 15 ஆண்டுகளுக்கு 400 கோடி வெள்ளிக்கும் மேற்பட்ட தொகை அதற்கெனத் திட்டமிடப்பட்டது. ஆயின் 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை வெளிவந்தபோது, மாணவர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோர் அத்தளத்தைப் பயன்படுத்திய அளவு 0.01 விழுக்காட்டிலிருந்து 4.69 விழுக்காடு வரையே இருந்ததாகக் கண்டறியப்பட்டது. நூறு பேருக்கு வாசல் திறந்து வைத்தால் ஐவர்கூட உள்ளே வரவில்லை என்பது அதன் பொருள். 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் கல்வி அமைச்சு அதனை விடுத்து 'கூகள் வகுப்பறை'க்கு மாறியது. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'டெலிமா' என்னும் தளம் அறிமுகம் கண்டது.

யாரையும் பழிப்பதற்காக இவற்றை நான் நினைவூட்டவில்லை. கருவியை வழங்குவது வேறு, அக்கருவி பயன்படுவது வேறு என்னும் உண்மையை நாடே பெரும்பொருள் செலவிட்டுக் கற்றுக்கொண்டது. அப்பாடத்தை நாம் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே கூறுகிறேன். கொட்டகை போட்டவுடன் கூத்து நடந்துவிடாது.

பெருந்தொற்று காட்டிய உண்மை

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. வீட்டிலிருந்தே கற்றல் என்பது ஒரே நாளில் கட்டாயமாகிவிட்டது. அவ்வாண்டு கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்தவொரு மின்னியல் கருவியும் இல்லை என்பது தெரிய வந்தது. ஏனையோரிலும் பெரும்பாலோரிடம் இருந்தது கைப்பேசி மட்டுமே. கணினி வைத்திருந்தோர் சிலர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், சபா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு மாணவி இணைய அலை கிடைப்பதற்காக மரத்தின்மேல் ஏறித் தேர்வெழுதியதை நாடே பார்த்தது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் 'டிடிக் டிவி' ஒளிபரப்பு தொடங்கியது. வசதி குறைந்த மாணவர்க்கு 150,000 கருவிகள் வழங்கும் 'செர்டிக்' திட்டமும் அறிவிக்கப்பட்டது. இவை யாவும் பாராட்டத்தக்க முயற்சிகளே.

ஆயினும் தோட்டப்புறத்தில் நாம் கண்டது வேறொரு சிக்கல். வீட்டில் கைப்பேசி இருக்கும்; காலை ஒன்பது மணிக்கு அது வீட்டில் இராது. செம்பனைக் குலை வெட்டும் தந்தையின் சட்டைப்பையிலோ, உரம் போடப் போன தாயின் கூடையிலோ அது காட்டுக்குள் போய்விட்டிருக்கும். நம் ஜொகூரில் இன்னொரு வகைக் குடும்பமும் உண்டு. விடியலுக்கு முன்பே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுப் பாலம் கடந்து சிங்கப்பூருக்கும், பாசீர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் செல்வோர் பலர். அவர்களுடைய கைப்பேசியும் அவர்களோடு போய்விடும். அது மாலையில் வீடு திரும்பும்போது, மூன்று பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பார்கள். காலை ஒன்பது மணி வகுப்புக்கு வரவில்லை என்று அப்பிள்ளையின் பெயருக்கு நேரே குறியிடப்பட்டிருக்கும். இதில் பிள்ளையின் குற்றம் யாது? பெற்றோரின் குற்றம் யாது?

இங்கே இன்னொன்றையும் நான் அழுத்திக் கூற விரும்புகிறேன். "தோட்டத்துப் பெற்றோருக்குத் தொழில்நுட்பம் தெரியவில்லை" என்று பல கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கிறேன். அஃது உண்மையன்று. கல்வித் தளத்திற்குள் நுழைய முடியாமல் கைவிட்ட அதே தாய்மார்கள், புலனத்தின் வழியே பிள்ளையின் பயிற்சித்தாளைப் படம்பிடித்து அனுப்பினார்கள். எழுதத் தயங்கியவர்கள் தம் குரலையே பதிவு செய்து, "சார், மூன்றாவது கணக்கு அவனுக்கு விளங்கவில்லையாம்" என்று கேட்டார்கள். அவர்களுக்கு யாரும் பயிற்சிப் பட்டறை நடத்தவில்லை. கையேடு அச்சிட்டுக் கொடுக்கவில்லை. ஏன் அது அவர்களுக்கு எளிதாயிற்று? ஒவ்வொரு முறையும் மறைச்சொல் கேட்பதில்லை. பேசினால் போதும், எழுத வேண்டுவதில்லை. அலை குறைந்தாலும் காத்திருந்து பிறகு போய்ச் சேரும். யார் பேசுகிறார், யாருக்குப் பேசுகிறார் என்பது முகப்படத்தோடு தெரியும். ஆகவே, தெரியாதவர் பெற்றோர் அல்லர். பெற்றோரைத் தெரியாதவை அந்தத் தளங்களே.

கடைசி வரிசைப் பிள்ளை

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் புகட்டப்பட்ட கோட்பாடுகள் சில உண்டு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல். எளியதிலிருந்து அரியதற்குச் செல். கண்ணால் கண்டதிலிருந்து கருத்துக்குச் செல் என்பார்கள். கரும்பலகையில் எழுதினால், எழுதி முடித்தவுடன் வகுப்பின் கடைசி வரிசைக்குப் போய் நின்று பார்க்க வேண்டும் என்றும் கற்பித்தார்கள். அங்கிருந்து எழுத்துத் தெரியாவிட்டால், அழித்துவிட்டு மீண்டும் எழுத வேண்டும். பிள்ளைக்குக் கண் போதவில்லை என்று சொல்லக் கூடாது.

மின்கல்வித் தளம் அமைப்போருக்கும் இதே கோட்பாடு போதும். நகரத்து வீட்டில் தனியறையும் மடிக்கணினியும் தடையற்ற இணைப்பும் உள்ள பிள்ளை முன்வரிசையில் அமர்ந்திருப்பவன். குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி, மெர்சிங் வட்டாரங்களின் உட்புறத் தோட்டங்களில் தாயின் பழைய கைப்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் பிள்ளை கடைசி வரிசையில் இருப்பவள். அவளுக்குத் தெரியும்படி எழுதினால் எல்லார்க்கும் தெரியும். முன்வரிசைக்கு மட்டும் எழுதினால், வகுப்பில் பாதிப்பேர் வெறுங்கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருப்பர். அவ்வாறு கடைசி வரிசைக்கும் தெரியும் தளத்திற்கு வேண்டியவை யாவை என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, வாசல் எளிதாக வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை, ஓர் ஆங்கில எழுத்தும், ஒரு கோடும், நீண்ட எண் வரிசையும், அதற்குப் பின் ஒரு முகவரியும், அதற்கும் பின் பெரிய எழுத்துச் சிறிய எழுத்துக் கலந்த மறைச்சொல்லும் தட்டச்சு செய்தால்தான் பாடம் திறக்கும் என்றால், அந்தப் பிள்ளைக்கு முதல் பாடமே தோல்வியாக முடிகிறது. வெள்ளிக்கிழமை மாலை மறைச்சொல்லை மறந்த பிள்ளை, அடுத்த வேலை நாளில் பள்ளிக்கு வந்து அதற்குரிய ஆசிரியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளும்வரை அதற்குப் பாடமில்லை. இதற்கு மாற்று இல்லாமலில்லை. பள்ளி அட்டையின் பின்புறம் ஒரு கட்டக் குறி அச்சிட்டு, அதனைக் கைப்பேசிக்குக் காட்டினால் பிள்ளையின் பக்கம் திறக்கும்படி செய்யலாம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு யானை, மாம்பழம், குடை என்று படங்களை வரிசையாகத் தொடுவதையே மறைச்சொல்லாக வைக்கலாம். வளர்ந்த பின் எழுத்து மறைச்சொல்லைப் பழக்கலாம். எளியதிலிருந்து அரியதற்கு!

இரண்டாவது, மொழி. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கான தளத்தில் பாடம் தமிழில் இருந்தால் மட்டும் போதாது. பாடத்துக்கு வழிகாட்டும் பொத்தான்களும் தமிழில் இருக்க வேண்டும். "அனுப்பு", "திரும்பு", "மீண்டும் கேள்" என்னும் சொற்கள் தமிழில் இருந்து, தொட்டால் அவற்றைத் தளமே வாய்விட்டுச் சொல்லுமானால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையும் பாட்டியும் சேர்ந்து அமர்ந்து படிக்கலாம்.

தமிழைக் கணினியில் கொண்டுவருவது கடினம் என்று எவரேனும் சொல்வாராயின், அவருக்கு நாம் நம் நாட்டிலிருந்தே விடை கூறலாம். ஒருங்குறி என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றது. நம் மலேசிய மண்ணின் மைந்தரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருள் 1985ஆம் ஆண்டு முதல் தமிழைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளில் தமிழ் விசைமுகங்கள் 2013ஆம் ஆண்டில் இடம்பெற்றன. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாய் 'தமிழ்99' என்னும் விசைப்பலகை பொது ஏற்பு பெற்றது. அவ்விசைப்பலகையின் சிறப்பை நம் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 12 உயிரும் 18 மெய்வரிசையும் அதில் விரலடியில் இருக்கின்றன. 'க' என்னும் விசையை அழுத்திப் பின் 'ஆ' என்னும் விசையை அழுத்தினால் 'கா' வரும். முதலாம் ஆண்டில் ஆசிரியர் கற்பித்த உயிர்மெய்ப் பாடமே விரலுக்கும் பாடமாகிறது. தமிழ் எழுதுவதற்கு ஆங்கில எழுத்தை முதலில் தேட வேண்டிய தேவை பிள்ளைக்கு இல்லை. தளம் அமைப்போர் இத்தகைய விசைப்பலகையைத் திரையிலேயே வைத்துக் கொடுத்தால், தட்டச்சு செய்யும் ஒவ்வொரு சொல்லும் இலக்கணப் பயிற்சியாக அமையும்.

மூன்றாவது, இணைப்பும் செலவும். பத்து நிமிடப் பாடத்தைக் குரலாக மட்டும் பதிவு செய்தால், சுமார் 5 மெகாபைட் அளவில் அடங்கிவிடும். அதையே தெளிவான ஒளிப்படக் காட்சியாகக் கொடுத்தால் அதைப் போல் பத்து மடங்குக்கும் மேல் ஆகும். முன்பணம் கட்டிக் கைப்பேசி பயன்படுத்தும் குடும்பத்துக்கு இவ்வேறுபாடு சிறியதன்று. அது அரிசி பருப்புக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய செலவு. ஆதலின் ஒவ்வொரு பாடமும் எழுத்தாகவும், குரலாகவும், காட்சியாகவும் மூவகையில் இருக்க வேண்டும். எது வேண்டும் என்பதைக் குடும்பம் தெரிவு செய்யட்டும். பள்ளியில் இணைப்பு இருக்கும்போதே அவ்வாரப் பாடங்களைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, வீட்டில் இணைப்பின்றிப் படித்து, செய்த பயிற்சியை மறுபடி இணைப்புக் கிடைக்கும்போது தானாகவே ஆசிரியருக்கு அனுப்பும் ஏற்பாடும் வேண்டும்.

நான்காவது, நேரமும் பங்கீடும். ஒரு கைப்பேசியில் மூன்று பிள்ளைகளின் பெயரும் படமும் அருகருகே இருந்து, ஒரு தொடுதலில் அக்காளின் பக்கத்திலிருந்து தம்பியின் பக்கத்துக்கு மாற முடிய வேண்டும். குறித்த மணிக்கு வந்தால்தான் வருகை என்று கணக்கிடாமல், அன்றிரவுக்குள் செய்தால் போதும் என்று இருக்க வேண்டும். பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் பெரட்டு நேரம் எப்போது, வேலை முடியும் நேரம் எப்போது என்று அறியாத ஒருவர் வகுத்த கால அட்டவணை நமக்குப் பொருந்தாது.

ஐந்தாவது, ஆசிரியரின் சுமை. ஒரே பெயர்ப் பட்டியலை ஒரு தளத்தில் ஒரு முறை, வேறொன்றில் மறுமுறை என்று பதிய வேண்டியிருந்தால், ஆசிரியரின் நேரம் பிள்ளைக்குப் போகாமல் திரைக்குப் போய்விடும். 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்ட பின், பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை வகுப்பறையிலேயே கண்டறியும் பொறுப்பு ஆசிரியருக்குக் கூடியது. தளம் அதற்குத் துணைநிற்க வேண்டும். "இப்பிள்ளை பெருக்கலில் ஏழாம் வாய்பாட்டில் தடுமாறுகிறது; அப்பிள்ளை லகர ளகர வேறுபாட்டில் தடுமாறுகிறது" என்று காட்டுமானால், அது ஆசிரியருக்கு வலக்கை போன்றது. எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் காட்டுமானால், அது மேலதிகாரிக்கு உதவுமேயன்றிப் பிள்ளைக்கு உதவாது.

ஆறாவது, பாதுகாப்பு. பிள்ளையின் பெயரும் முகமும் குரலும் மதிப்பெண்ணும் அக்குடும்பத்தின் உடைமை. அவை விளம்பரக்காரர் கைக்குப் போகலாகாது. பாடத்தின் நடுவே விளையாட்டு விளம்பரமும் தின்பண்ட விளம்பரமும் தலைகாட்டவும் கூடாது.

இந்த ஆறும் நிறைவேறினவா என்பதை எப்படிச் சோதிப்பது? நகரத்து மாநாட்டு மண்டபத்தில் திரையிட்டுக் காட்டினால் எல்லாம் நன்றாகவே தெரியும். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி அமர்ந்த ஒரு தாயின் கையில் அவருடைய சொந்தக் கைப்பேசியையே கொடுத்து, "மகளுடைய இன்றைய பயிற்சியைத் திறந்து பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அமைத்தவர் வாய் திறவாமல் அருகில் அமர்ந்து பார்க்க வேண்டும். அந்தத் தாய் எந்த இடத்தில் விரலை நிறுத்துகிறாரோ, அந்த இடத்தில் திருத்தம் வேண்டும். இத்தகைய ஐந்து வீடுகளில் அமர்ந்து பார்த்தால், ஐம்பது கூட்டங்களில் தெரியாத குறைகள் தெரிந்துவிடும்.

மறுப்புரைகள் சில

"தேசிய மொழியில் தளம் இருந்தால் நம் பிள்ளைகள் மலாய்மொழியையும் கற்றுக்கொள்வார்களே, தமிழ்ப் பொத்தான் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. தேசிய மொழியில் நம் பிள்ளைகள் புலமை பெற வேண்டும் என்பதில் எனக்கு இம்மியும் ஐயமில்லை. அதற்கென்று பாடவேளை இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார். ஆனால் கணிதப் பயிற்சி செய்ய வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி மொழித்தேர்வு வைப்பது முறையாகாது. அன்றியும், இங்கே பிள்ளையோடு சேர்ந்து பார்க்க வேண்டியவர் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டியாகவும் இருக்கலாம்.

"உங்கள் பள்ளிகளில் மாணவரே குறைவு, அவர்களுக்கென்று இவ்வளவு செலவா?" என்று கேட்போரும் உண்டு. உண்மையில், மாணவர் குறைந்த பள்ளிக்குத்தான் இது மிகுதியும் தேவை. இரண்டு ஆண்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரே அறையில் கற்பிக்கும் கூட்டு வகுப்பில், ஆசிரியர் நான்காம் ஆண்டுக்குக் கற்பிக்கும் வேளையில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நல்ல தளம் ஒன்றிருந்தால் அந்த அரைமணி நேரம் வீணாகாது. அன்றியும், நாடு முழுவதும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒரு முறை தமிழில் செம்மையாக ஆக்கப்பட்ட பாடம் அத்தனை பள்ளிக்கும் பயன்படும்.

"கைப்பேசியே பிள்ளைகளைக் கெடுக்கிறது, பழையபடி பலகையும் புத்தகமும் போதும்" என்பது பெற்றோர் பலரின் கருத்து. இக்கருத்தில் பாதி எனக்கும் உடன்பாடே. கையால் எழுதிப் பழகும் எழுத்துக்கும், வாய்விட்டுப் படிக்கும் பாட்டுக்கும், திடலில் ஓடும் ஓட்டத்துக்கும் திரை ஈடாகாது. யுனெஸ்கோ நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை தொழில்நுட்பத்தையே பொருளாக எடுத்துக்கொண்டு, இக்கருவி யாருடைய விருப்பப்படி இயங்குகிறது என்னும் கேள்வியைத் தன் தலைப்பிலேயே வைத்தது. அதுவே நம் கேள்வியும். எனினும் திரையை முற்றிலும் ஒதுக்கிவிட்டால், நகரத்துப் பிள்ளை அதனைக் கொண்டு முன்னேறிச் செல்ல, நம் பிள்ளை மட்டுமே பின்தங்கும். வேண்டியது அளவும் துணையும்.

துணை என்று சொல்லும்போது தமிழகத்தின் அனுபவம் நினைவுக்கு வருகிறது. அங்கே 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் பாடங்கள் அதன் வழியே ஒளிபரப்பாயின. ஆயினும் 2021ஆம் ஆண்டு அக்டோபரில், 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை அரசு தொடங்க வேண்டியதாயிற்று. தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் பிள்ளைகளின் குடியிருப்புகளுக்கே சென்று, சிறு குழுக்களாக அமர்த்திக் கற்பித்தார்கள். திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பிள்ளையின் அருகே ஒரு மனிதர் அமர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நம் தளங்களும் அந்த மனிதரை, அதாவது தாயை, அக்காளை, தாத்தாவை, உள்ளே வரவேற்பனவாக அமைய வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

தளத்தை நாம் அமைக்கப் போவதில்லை. ஆயினும் அது நமக்குப் பொருந்தும்படி அமையச் செய்வது நம் கையிலும் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முன் நான் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தவணைக்கு ஒரு மாலை, பெற்றோர் தத்தம் கைப்பேசியோடு பள்ளி மண்டபத்துக்கு வர வேண்டும். பிள்ளையும் தாயும் தந்தையும் சேர்ந்து அமர்ந்து தளத்தைத் திறந்து பாருங்கள். எங்கே நின்றீர்கள், எந்தச் சொல் விளங்கவில்லை, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதை ஆசிரியர்கள் எழுதிக்கொள்வார்கள். அதனைத் தொகுத்து மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புவோம். ஒரு பள்ளியின் குரல் மெலிதாகக் கேட்கலாம். ஜொகூரின் 70 அளவிலான தமிழ்ப்பள்ளிகளும் இப்படிச் செய்யுமானால், அக்குரலைக் கேளாதிருக்க இயலாது.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு சொல். தளம் திறக்கவில்லையென்றால் வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள், வந்து சொல்லுங்கள். உங்கள் தடுமாற்றம்தான் அமைப்பவர்க்குக் கிடைக்கும் சிறந்த பாடம். இரவில் ஒரு மணி நேரம் கைப்பேசியைப் பிள்ளையின் படிப்புக்கென்று ஒதுக்குங்கள். "இன்று என்ன படித்தாய்? எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். தாய்க்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தைப் பிள்ளை எளிதில் மறப்பதில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் மறைச்சொல்லைப் பிறருக்குச் சொல்லாதீர்கள்; அறிந்ததைப் பிறருக்குச் சொல்லாமலும் இராதீர்கள். ஆறாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒருவருக்குத் தமிழ் விசைப்பலகையைக் கற்றுக்கொடுத்தால், இப்பள்ளியில் தமிழில் எழுதத் தெரியாத விரலே இராது. உங்களுள் ஒருவர் வளர்ந்து, இத்தகைய தளத்தை அமைக்கும் வல்லுநராகவும் வரக்கூடும். அன்று இந்தக் கடைசி வரிசையை மறவாதீர்கள்.

இறுதியாக ஒன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி ஒன்று இருக்க வேண்டும் என்று விதித்தது. சட்டத்தின் பொருட்டு அன்று திறக்கப்பட்டவற்றுள் பல வெறுங்கொட்டகைகளே. கங்காணியோ கிராணியோ ஒழிந்த வேளையில் வந்து கற்பித்த இடங்களும் உண்டு. அவற்றைப் பள்ளிகளாக ஆக்கியவர்கள் யார்? தம் பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர்கள். கூரை ஒழுகினால் ஓலை கொண்டுவந்து வேய்ந்த தொழிலாளர்கள். குறைந்த சம்பளத்துக்கு நிறைந்த மனத்தோடு உழைத்த ஆசிரியர்கள். மேலேயிருந்து தரப்பட்ட கொட்டகையை, உள்ளே வாழ்ந்தவர்கள் கல்விக்கூடமாக்கினார்கள். இன்று நமக்குத் தரப்படும் மின்கொட்டகையையும், நம் பிள்ளைகள் விரும்பி நுழையும் பள்ளியாக்கும் பொறுப்பு நம்முடையதே. அதற்கு நாம் கேட்க வேண்டும். விடாமல் கேட்க வேண்டும். வந்து பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வாழ்க தமிழ்ப்பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!

அன்புடன்,
தலைமையாசிரியர்